ஃபுல் ஃபிரேம் கேமராவா, சிறிய சென்சார் கேமராவா? லென்ஸ் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்

என் சித்தி மகன் திருமணப் படம் எடுக்கும் தொழிலில் இறங்கப் போவதாகச் சொன்னபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சித்தி தம் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார். ‘ஃபுல் ஃபிரேம் வைத்திருந்தால்தான் நாலு பேர் கூப்பிடுவார்கள்’ என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த பணம் முழுவதையும் கேமராவிலேயே போட்டுவிட்டான். லென்ஸ் வாங்கத் தனியாக எதுவும் மிஞ்சவில்லை. பெட்டியோடு வந்த லென்ஸே போதும் என்று இருந்தான்.

முதல் வேலை தோட்டத்து மண்டபத்தில் நடந்த ஒரு நிச்சயதார்த்தம். இரவு நேரம், மேலே நான்கு குழல் விளக்குகள், அவ்வளவுதான் வெளிச்சம். மறுநாள் படங்களைக் கொண்டுவந்து காட்டினான். பெண்ணின் முகத்திலும் பட்டுப் புடவையிலும் மணலை அள்ளித் தூவியதுபோல் புள்ளிகள். “அக்கா, ஃபுல் ஃபிரேம் வாங்கியும் படம் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டான். அதே மண்டபத்தில், செய்திப் பணிக்கு நான் கொண்டுபோகும் சிறிய சென்சார் கேமராவிலும் சில படங்கள் எடுத்திருந்தேன். அவை அவனுடையதைவிடத் தெளிவாக இருந்தன. என் திறமை அதற்குக் காரணமன்று. லென்ஸ்தான் காரணம்.

கேமரா வாங்க நினைக்கும் இளையோர் பலருக்கும் அவர்களுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நல்லது.

சென்சார் என்பது என்ன?

அந்தக் காலத்துக் கேமராவில் படச்சுருள் இருந்த இடத்தில் இன்று இருப்பது சென்சார். தமிழில் ‘உணரி’ என்கிறோம். கடையில் சென்சார் என்றால்தான் புரியும். லென்ஸ் வழியாக வரும் ஒளி இதன்மேல் விழுந்து படமாகிறது. கேமராக்களில் பரவலாக உள்ள சென்சார் அளவுகள் இவை:

• ஃபுல் ஃபிரேம்: 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம்.
• ஏ.பி.எஸ்-சி: சோனி, நிக்கோன், ஃபுஜிஃபிலிம் கேமராக்களில் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ.; கேனன் கேமராக்களில் இன்னும் சற்றுச் சிறியது, ஏறத்தாழ 22.3 × 14.9 மி.மீ.
• மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3 × 13 மி.மீ. ஒலிம்பஸ், பானசோனிக் நிறுவனங்கள் 2008இல் கொண்டுவந்த வகை.

பரப்பளவில் பார்த்தால், ஃபுல் ஃபிரேம் சென்சார் சோனி, நிக்கோன் ஏ.பி.எஸ்-சி சென்சாரைப்போல் 2.3 மடங்குக்கு மேல் பெரியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு. இக்கட்டுரையில் ‘சிறிய சென்சார்’ என்று சொல்வது பெரும்பாலும் ஏ.பி.எஸ்-சி வகையையே. நம் கடைகளில் தொடக்கநிலை கேமராக்கள் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அவைதாம்.

‘ஃபுல்’ என்ற பெயர் எப்படி வந்தது?

ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் என்பவர், 35 மி.மீ. சினிமா படச்சுருளைச் சிறிய கேமராவில் பயன்படுத்திப் பார்த்தார். சினிமாவில் ஒரு சட்டம் 24 × 18 மி.மீ.தான். அதை இரட்டிப்பாக்கி 36 × 24 மி.மீ. என வைத்துக்கொண்டார். அவருடைய மாதிரிக் கேமரா 1913ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. லைக்கா என்ற பெயரில் 1925இல் விற்பனைக்கு வந்தது. நம் தாத்தா பாட்டியின் திருமணப் படங்களைப் பிடித்த கேமராக்களில் பலவும் இந்த 35 மி.மீ. வகையே.

டிஜிட்டல் கேமராக்கள் வந்தபோது அந்த அளவுக்குச் சென்சார் செய்வது மிகுந்த செலவாக இருந்தது. சிலிக்கான் தட்டிலிருந்து வெட்டியெடுக்கும் துண்டு பெரிதாகப் பெரிதாக, பழுதில்லாமல் கிடைப்பவை குறையும். அதனால் சிறிய சென்சாரை வைத்து விற்றார்கள். பழைய படச்சுருள் அளவுக்கே சென்சார் உள்ள கேமராவை ‘ஃபுல் ஃபிரேம்’ என்று அழைக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. ஃபுல் என்றதும் மற்றவை அரைகுறை என்று நினைத்துவிட வேண்டாம். அதைவிடப் பெரிய மீடியம் ஃபார்மட் சென்சார்களும் சந்தையில் உண்டு.

பெரிய சென்சார் தரும் நன்மை

நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. மழையில் ஓர் அண்டாவையும் ஒரு குவளையையும் முற்றத்தில் வைத்தால், இரண்டின் மேலும் பெய்வது ஒரே மழைதான். ஆனால் அகன்ற வாய் உள்ள அண்டாவில் மொத்தத் தண்ணீர் அதிகம் சேரும். சென்சாரும் அப்படியே. ஒரே அளவு திறந்த லென்ஸை வைத்து ஒரே காட்சியை எடுத்தால், ஃபுல் ஃபிரேம் இரண்டு மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது. இருட்டான இடத்தில் படத்தில் புள்ளிகள் குறைகின்றன. பின்னணியும் கூடுதலாக மங்குகிறது. மணமக்கள் மட்டும் எடுப்பாகத் தெரிவார்கள்.

ஒளிப்படக்காரர்கள் ஒளியை ‘ஸ்டாப்’ என்ற கணக்கில் அளப்பார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில், ஃபுல் ஃபிரேமுக்கும் ஏ.பி.எஸ்-சிக்கும் உள்ள வேறுபாடு ஒரு ஸ்டாப்புக்குச் சற்று அதிகம். கூடுதல் பணம் கொடுத்து நாம் வாங்குவது இந்த ஒரு ஸ்டாப்பைத்தான். பகல் வெளிச்சத்தில், பள்ளி விளையாட்டுப் போட்டியில், ஆலயத் தேர் ஊர்வலத்தில் இரண்டு கேமராக்களிலும் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று பெரும்பாலோரால் பிரித்துச் சொல்ல முடியாது.

‘சிறிய சென்சாரில் எடுத்தால் பெரிதாக அச்சிட முடியாது’ என்பதும் சரியன்று. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 புள்ளிகள் கொண்டது. திருமண ஆல்பத்தின் 18 × 12 அங்குலப் பக்கத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் அச்சிட 5400 × 3600 புள்ளிகள் போதும்.

மண்டபத்தில் என்ன நடந்தது?

லென்ஸின் மேல் ‘எஃப்’ என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக ஒளியை உள்ளே விடும். எஃப் 1.8 அகன்ற வாசல், எஃப் 6.3 ஒருக்களித்த கதவு.

பெட்டியோடு வரும் லென்ஸ்களில் பல, உருவத்தை அருகே இழுக்கும்போது எஃப் 6.3 வரை சுருங்கிவிடும். என் தம்பியின் லென்ஸும் அப்படிப்பட்டதே. என் கையிலிருந்தது எஃப் 2.8 லென்ஸ். எஃப் 6.3ஐவிட எஃப் 2.8 உள்ளே விடும் ஒளி 5 மடங்கு அதிகம்.

ஒளி போதாதபோது கேமரா ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்திக்கொள்ளும். அது உயர உயரப் புள்ளிகள் கூடும். நான் ஐ.எஸ்.ஓ. 3200இல் எடுத்த அதே காட்சிக்கு, ஷட்டர் வேகத்தை மாற்றாமல் எடுத்தால் அவனுக்கு ஐ.எஸ்.ஓ. 16,000 தேவைப்படும். சிறிய சென்சாரில் 3200 என்பது ஃபுல் ஃபிரேமில் ஏறத்தாழ 7500 அளவுக்குப் புள்ளி காட்டும் என்று வைத்துக்கொண்டாலும், 16,000 அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பெரிய சென்சார் கொடுத்ததை லென்ஸ் பறித்துக்கொண்டது. மிச்சமும் கடன்பட்டது.

இதே கேமராவில் எஃப் 1.8 லென்ஸைப் போட்டிருந்தால் ஐ.எஸ்.ஓ. 1300 போதும். படம் என்னுடையதைவிடப் பன்மடங்கு நன்றாக வந்திருக்கும். எனவே கேமராவைக் குறை சொல்லவும் வழியில்லை. பணத்தைப் பிரித்த விதத்தில்தான் தவறு.

கேமரா விலை இறங்கியது, லென்ஸ் விலை?

இங்கே ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டு விலை கடைக்குக் கடை மாறும் என்பதால், ஒப்பிடுவதற்கு வசதியாக அமெரிக்காவில் அறிமுகமானபோது அறிவிக்கப்பட்ட டாலர் விலைகளையே இக்கட்டுரை முழுவதும் தருகிறேன்.

கேனன் நிறுவனத்தின் முதல் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமரா இஓஎஸ்-1டிஎஸ் 2002இல் வந்தது. விலை 7,999 டாலர். 2005இல் வந்த 5டி, 3,299 டாலர். 2023இல் வந்த ஆர்8, 1,499 டாலர். இருபத்தொரு ஆண்டில் நுழைவுக் கட்டணம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

இப்போது லென்ஸைப் பாருங்கள். திருமணப் படக்காரர்களின் வேலைக்குதிரை என்று சொல்லத்தக்க 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், கேனனின் உயர்தர வரிசையில் 2012இல் 2,299 டாலருக்கு வந்தது. மிரர்லெஸ் கேமராவுக்காக 2019இல் வந்த அதன் அடுத்த வடிவமும் 2,299 டாலரே. சென்சார் மின்னணுப் பொருள். தொழில்நுட்பம் வளர விலை இறங்குகிறது. லென்ஸ் என்பது கண்ணாடி. பெரிய கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்து, மெருகேற்றி, துல்லியமாக அடுக்கும் வேலை அந்த அளவுக்கு மலிவாவதில்லை.

பெரிய சென்சாரை முழுவதும் நிரப்ப, லென்ஸ் பெரிய ஒளிவட்டத்தை விழச்செய்ய வேண்டும். அதற்குப் பெரிய கண்ணாடி வேண்டும். சிறிய சென்சாருக்கென்றே செய்யும் லென்ஸில் கண்ணாடி குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு.

அதே கேனனில் 2022இல் வந்த ஆர்7 சிறிய சென்சார் கேமரா. அதன் விலையும் 1,499 டாலர். ஆர்8 ஃபுல் ஃபிரேம். அதுவும் 1,499 டாலர். கேமராவை மட்டும் வைத்துப் பார்த்தால் வேறுபாடே இல்லை. கடையில் நம்மை மயக்குவது இந்தச் சமன்பாடுதான். வேறுபாடு அடுத்த பில்லில் வரும்.

மூன்று கணக்குகள்

சோனி கேமராவை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிற நிறுவன லென்ஸ்களும் நிறைய உண்டு என்பதால் ஒப்பிடுவது எளிது. லென்ஸ் இல்லாத கேமராவைக் கடைக்காரர்கள் ‘பாடி’ என்பார்கள்.

முதல் கணக்கு, சிறிய சென்சார்: சோனி ஏ6700 பாடி ஏறத்தாழ 1,400 டாலர். சிக்மா 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 549 டாலர். மொத்தம் ஏறக்குறைய 1,950 டாலர். எடை இரண்டும் சேர்ந்து 800 கிராமுக்குள்.

இரண்டாம் கணக்கு, ஃபுல் ஃபிரேமும் பிற நிறுவன லென்ஸும்: சோனி ஏ7 நான்காம் தலைமுறை பாடி ஏறத்தாழ 2,500 டாலர். சிக்மா 24-70 மி.மீ. எஃப் 2.8 ஆர்ட் லென்ஸ் 1,099 டாலர். மொத்தம் ஏறக்குறைய 3,600 டாலர். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ.

மூன்றாம் கணக்கு, ஃபுல் ஃபிரேமும் சோனியின் உயர்தர லென்ஸும்: அதே பாடி. ஜி மாஸ்டர் வரிசையின் 24-70 மி.மீ. எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு ஏறத்தாழ 2,300 டாலர். மொத்தம் 4,800 டாலர். மேடைக்குத் தொலைவிலிருந்து எடுக்க 70-200 மி.மீ. எஃப் 2.8 இரண்டாம் பதிப்பையும் சேர்த்தால் இன்னொரு 2,800. மொத்தம் 7,600 டாலர். இதில் லென்ஸ் இரண்டின் விலை மட்டும் 5,100. பாடியைப்போல் இரண்டு மடங்கு.

முதல் கணக்குக்கும் இரண்டாம் கணக்குக்கும் ஏறக்குறைய 1,650 டாலர் வேறுபாடு. அதற்குக் கிடைப்பது முன்னே சொன்ன அந்த ஒரு ஸ்டாப் ஒளி, சற்றுக் கூடுதலான பின்னணி மங்கல், சில வசதிகள். தொழிலில் அது தேவைதானா, எத்தனை நிகழ்ச்சிகளில் அந்தப் பணம் திரும்பும் என்பதை அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு ஸ்டாப்பை லென்ஸ் வழியாகவும் வாங்கலாம். சிறிய சென்சாருக்கான சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் 2016இல் 339 டாலருக்கு வந்தது. எஃப் 1.4 என்பது எஃப் 2.8ஐவிட இரண்டு ஸ்டாப் அதிகம், அதாவது 4 மடங்கு ஒளி. ஆனால் இதில் ஜூம் கிடையாது. நெருங்கவும் விலகவும் நம் கால்கள்தாம் நடக்க வேண்டும்.

நியாயமாக, மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஃபுல் ஃபிரேமிலும் மலிவான நல்ல லென்ஸ்கள் இருக்கின்றன. 50 மி.மீ. எஃப் 1.8 என்ற வகையை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் விற்கின்றன. கேனனின் ஆர்எஃப் 50 மி.மீ. 199 டாலர், சோனியினுடையது 249 டாலர். 2024இல் கேனன் 28-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஒன்றை 1,099 டாலருக்குக் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோவுக்குள். ஆர்8 பாடியுடன் அதைச் சேர்த்தால் 2,600 டாலர். ஃபுல் ஃபிரேம் என்றாலே எட்டாத உயரம் என்ற நிலை இன்று இல்லை.

தொலைவும் அகலமும்

சென்சார் அளவு மாறினால் பார்வைக் கோணமும் மாறும். ஏ.பி.எஸ்-சியில் லென்ஸின் மி.மீ. எண்ணை 1.5ஆல் பெருக்குங்கள், கேனன் என்றால் 1.6ஆல். 200 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 300 மி.மீ. லென்ஸ் காட்டுவதைக் காட்டும். பரதநாட்டிய அரங்கேற்றத்தை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து எடுப்பவருக்கும், பந்து விளையாட்டு எடுப்பவருக்கும், காட்டுப் பறவை எடுப்பவருக்கும் இது ஆதாயம். குறைந்த விலை லென்ஸில் அதிக நெருக்கம்.

அகலத்தில் இதுவே இழப்பாகிறது. பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலையின் அடியில் நின்று, சிலையையும் படிக்கட்டையும் காவடிக் கூட்டத்தையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமென்றால் அகன்ற கோணம் வேண்டும். ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. காட்டும் அகலத்துக்குச் சிறிய சென்சாரில் 16 மி.மீ. வேண்டும். தோட்ட வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறையை ஒன்றாக நிறுத்திக் குடும்பப் படம் எடுக்கும்போதும் இதே தேவை வரும். சிறிய சென்சார் வாங்குகிறவர் தொடக்க எண் 18ஆக அல்லது அதற்குக் குறைவாக உள்ள லென்ஸ் வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடையையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தைப்பூசத்தையொட்டித் தலைநகர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதத்துடன் புறப்பட்டு, மறுநாள் 272 படிகளும் ஏறியவருக்கு ஒன்றரைக் கிலோவும் 800 கிராமும் ஒன்றல்ல என்பது தோளில் தெரியும்.

‘பிறகு மாறிக்கொள்ளலாம்’ என்பது எவ்வளவு உண்மை?

‘இப்போது சிறியதை வாங்குங்கள், பிறகு ஃபுல் ஃபிரேமுக்கு மாறலாம், லென்ஸ் அப்படியே பொருந்தும்’ என்று சில கடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. சோனி, கேனன், நிக்கோன் மிரர்லெஸ் கேமராக்களில் இரண்டு வகைக்கும் லென்ஸ் மாட்டும் வளையம் ஒன்றே. ஆனால் சிறிய சென்சாருக்கான லென்ஸை ஃபுல் ஃபிரேமில் மாட்டினால், கேமரா நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும். 33 மெகாபிக்சல் உள்ள ஏ7 நான்காம் தலைமுறையில் அது ஏறத்தாழ 14 மெகாபிக்சலாகக் குறைந்துவிடும். பெரிய சென்சாருக்குக் கொடுத்த பணம் வீண்.

மாறாக, ஃபுல் ஃபிரேம் லென்ஸைச் சிறிய சென்சாரில் மாட்டினால் முழுத் தரமும் கிடைக்கும். ஆனால் 24-70 அங்கே 36-105 போலாகிவிடும். கூடத்துக் குடும்பப் படத்துக்கு உதவாது. ஃபுஜிஃபிலிம் எக்ஸ் வரிசையிலும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸிலும் ஃபுல் ஃபிரேம் பாடியே கிடையாது. மாறுவதென்றால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் மாற வேண்டும்.

பிற நிறுவன லென்ஸ் கிடைக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். சோனிக்குச் சிக்மா, தாம்ரோன் போன்றவை நிறையச் செய்கின்றன. கேனனின் ஆர்எஃப் வகைச் சிறிய சென்சார் கேமராக்களுக்குச் சிக்மாவும் தாம்ரோனும் லென்ஸ் செய்யப்போவதாக அறிவித்ததே 2024இல்தான்.

திருமணத்துக்கு எடுப்பவர் மறக்கக்கூடாதது

தாலி கட்டும் நொடி ஒருமுறைதான். நினைவக அட்டை பழுதானால், ‘இன்னொரு தடவை கட்டுங்கள்’ என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு அட்டையில் பதியும் கேமரா அதற்குக் காப்பு. முன்னே சொன்ன ஆர்7, சிறிய சென்சார் கேமராதான். ஆனால் இரண்டு அட்டை போடலாம். அதே விலையுள்ள ஃபுல் ஃபிரேம் ஆர்8இல் ஓர் அட்டைதான். கைநடுக்கத்தை ஈடுகட்டும் வசதி ஆர்7 பாடிக்குள்ளேயே உண்டு; ஆர்8இல் இல்லை. சோனியில் இது தலைகீழ்: ஏ6700இல் ஓர் அட்டை, ஏ7 நான்காம் தலைமுறையில் இரண்டு. சென்சார் அளவை மட்டும் பார்ப்பவர் இவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

தனி ஃபிளாஷ் ஒன்றும் தேவை. மண்டபத்தில் அதை நேராக முகத்தில் அடிக்காமல் வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்புமாறு வைத்தால், சிறிய சென்சாரும் பெரிய சென்சாரும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே எடுக்கும். ஃபிளாஷ் அடிக்க முடியாத ஆலயச் சடங்கிலும் நடன மேடையிலும்தான் சென்சாரும் எஃப் எண்ணும் முழுமையாகச் சோதிக்கப்படுகின்றன. மேலதிக மின்கலங்கள், அட்டைகள், படங்களைச் சேமிக்கும் வன்தட்டு ஆகியவற்றுக்கும் முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

யாருக்கு எது பொருந்தும்?

குடும்ப விழா, சுற்றுலா, பள்ளி நிகழ்ச்சிகளை எடுப்பவர்: சிறிய சென்சார் தாராளமாகப் போதும். பெட்டி லென்ஸோடு ஓர் எஃப் 1.8 அல்லது எஃப் 1.4 லென்ஸை வாங்கிக்கொண்டால் வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் மேம்படும்.

ஆலயம், இயக்கம், செய்தி எனப் பலதரப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர்: சிறிய சென்சாரும் எஃப் 2.8 ஜூம் லென்ஸும் எடைக்கும் பணத்துக்கும் ஏற்ற இணை. நான் வைத்திருப்பதும் அதுவே.

பகுதிநேரமாகத் திருமண வேலை தொடங்குகிறவர்: இரண்டு அட்டை உள்ள சிறிய சென்சார் பாடி, எஃப் 2.8 ஜூம், ஓர் எஃப் 1.4 லென்ஸ், ஃபிளாஷ். அல்லது பழைய ஃபுல் ஃபிரேம் பாடியும் எஃப் 1.8 லென்ஸ்களும்.

மாதம் பல திருமணங்கள் எடுத்து, வாடிக்கையாளர் பணமும் ஒழுங்காக வருகிறவர்: ஃபுல் ஃபிரேமும் நல்ல லென்ஸும் அவருக்கு முதலீடு. அந்த ஒரு ஸ்டாப் அவருக்குத் தினமும் உதவும்.

கையில் உள்ள பணத்தில் பாதிக்குக் குறையாமல் லென்ஸுக்கு ஒதுக்குங்கள் என்பதே எல்லாருக்கும் நான் சொல்லும் பொது விதி. அப்படி ஒதுக்கினால் ஃபுல் ஃபிரேம் பாடி வாங்க முடியவில்லை என்றால், அதற்குரிய நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

பழைய பொருள் வாங்கும்போது

லென்ஸ் விலை அதிகம் என்பதால் பலரும் பழையதைத் தேடுகிறார்கள், அதில் தவறில்லை. நன்றாக வைத்திருந்த லென்ஸ் பல ஆண்டு உழைக்கும். ஆனால் நம் நாட்டு ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். கைவிளக்கை ஒரு பக்கம் வைத்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருங்கள். துணி அலமாரியில் வைத்தால் உங்கள் லென்ஸுக்கும் அதே கதிதான்.

பழைய பாடி என்றால் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஓடிய தூரம் பார்க்காமல் பழைய கார் வாங்க மாட்டோமல்லவா? கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களும் அவற்றின் லென்ஸ்களும் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்களை இணைப்பு வளையம் போட்டுப் புதிய ஆர் வரிசையிலும் பயன்படுத்தலாம். நிக்கோனிலும் இணைப்பு வளையம் உண்டு. ஆனால் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. கேட்டு வாங்குங்கள்.

புதியதை வாங்கினாலும் ‘ஏ.பி. செட்’ என்று கடைகளில் சொல்வதற்கும் இந்நாட்டு முகவரின் உத்தரவாதம் உள்ளதற்கும் விலை வேறுபடும். மலிவாகக் கிடைத்தால், பழுதானால் யார் சரிசெய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த லென்ஸை வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. தலைநகரிலும் பெரிய பட்டணங்களிலும் வாடகைக்குத் தரும் கடைகள் உள்ளன. ஒரு திருமணத்துக்கு வாடகை கட்டுவது, ஓராண்டு தவணை கட்டுவதைவிடச் சிறிது.

என் தம்பியும் கடைசியில் அதைத்தான் செய்தான். பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் ஒரு ஃபிளாஷும் வாங்கினான். பெரிய லென்ஸ் தேவைப்பட்ட அடுத்த திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டான். அந்தப் படங்களைப் பார்த்துப் பெண் வீட்டார் இன்னொரு வேலை கொடுத்தார்கள். சித்தியின் பணத்தில் பாதிக்கு மேல் இன்னும் பாக்கி இருக்கிறது. மாதாமாதம் கொடுத்து வருகிறான்.